சைக்கிளில் தூரம் போக சாதாரண பேண்ட்: எங்கே தொந்தரவு, என்ன செய்யலாம்

லைக்ரா, அதாவது உடம்போடு ஒட்டும் சைக்கிள் உடை, போடாமல் நூறு கிலோமீட்டர் மிதிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழியாகப் புதுச்சேரி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஆபீசுக்குப் போட்டுப் போகிற மாதிரியான பேண்ட்டிலேயே அதை ஓட்டலாம். மரக்காணத்தில் நிறுத்தி டீ குடிக்கலாம், போன ஊரில் சித்தப்பா வீட்டு சோபாவில் கூச்சமில்லாமல் உட்காரலாம். அலமாரியில் ஏற்கெனவே தொங்குகிற பேண்ட் அதற்கு அப்படியே உதவுமா என்பதுதான் சந்தேகம். பெரும்பாலும் உதவாது. ஏன் உதவவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால், பாதிக் கோளாறைத் தெருமுனை டெய்லரே சரிசெய்துவிடுவார்.

இங்கே பேசுவது மிதிக்கிற சைக்கிளைப் பற்றி, அதுவும் ஒரே மூச்சில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு. மார்க்கெட் போய் வர எந்தப் பேண்ட்டும் போதும். மோட்டார் சைக்கிள்காரர்களின் தேவை வேறு. விழுந்தால் தோல் உரியாமல் காக்கும் துணியும் முட்டிக் கவசமும் வேண்டும், அது இந்தக் கட்டுரையில் இல்லை.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பேண்ட் மெத்தை கிடையாது. உட்காரும் சுகம் சீட்டிலிருந்தும், உள்ளே போடும் பேட் வைத்த ஷார்ட்ஸிலிருந்தும்தான் வரும். வெளிப் பேண்ட் குறுக்கே வராமல் இருந்தாலே போதும். குத்தக் கூடாது, இழுக்கக் கூடாது, ஈரத்தைப் பிடித்து வைக்கக் கூடாது, செயினில் மாட்டக் கூடாது.

அடுத்த முறை ஓட்டிவிட்டு வந்ததும் குளிக்கப் போவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். கண்ணாடியில், தோல் எங்கே சிவந்திருக்கிறது? பேண்ட்டை உள்பக்கம் திருப்பினால், எந்தத் தையல் தேய்ந்து பளபளக்கிறது? இரண்டும் ஒரே இடமாக இருந்தால் குற்றவாளி பேண்ட். தோல் மட்டும் சிவந்து, பேண்ட்டின் அந்த இடம் சும்மா இருந்தால் உள்ளாடையையோ சீட்டையோ சந்தேகப்படுங்கள்.

கவட்டையில் எரிச்சல், நடுவில் ஏதோ குத்துகிறது

பத்தில் எட்டுப் பேர் சொல்லும் புகார் இதுதான் என்று நினைக்கிறேன்.

சாதாரண பேண்ட்டில் முன்தையல், பின்தையல், இரண்டு கால்களின் உள்தையல் என நான்கும் ஒரே புள்ளியில் வந்து கூடும். நிற்கும்போது அந்தப் புள்ளி காற்றில் தொங்குகிறது. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் உடம்பின் எடை நேராக அதன்மேல் இறங்குகிறது. ஜீன்ஸில் நிலைமை இன்னும் மோசம். அதன் தையல், துணியின் விளிம்பை உள்ளே மடித்து இரட்டை வரிசையாக அடித்தது. நான்கு மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கவட்டையில் ஒரு கட்டி மாதிரி நிற்கும். 12 அவுன்ஸ் டெனிம் என்றால் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 400 கிராம். அந்தக் கனத்தில் அத்தனை அடுக்கு இருந்தால் எந்த பேட் போட்டாலும் தெரியும்.

சோதனை சுலபம். பேண்ட்டைக் கழற்றி, நான்கு தையலும் கூடும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். மொச்சைக்கொட்டை போல உருண்டால் அந்தப் பேண்ட்டில் தூரம் போகாதீர்கள். தட்டையாக நழுவினால் பரவாயில்லை.

தீர்வு, கவட்டையில் தனித்துண்டு வைத்துத் தைத்த பேண்ட். மலையேறுகிறவர்களுக்கான பேண்ட்டுகளிலும், யோகா, கராத்தே பேண்ட்டுகளிலும் இதைப் பார்க்கலாம். சாய்சதுர வடிவில் ஒரு துண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும். தையல்கள் ஒரே புள்ளியில் கூடாமல் நாலு பக்கமாகப் பிரிந்து, எடை விழும் இடத்தை விட்டு விலகிப் போய்விடும். காலை அகட்டவும் உயர்த்தவும் துணி கூடுதலாகக் கிடைக்கும். நம் ஊர் சல்வாரிலும் பழைய பைஜாமாவிலும் இந்தத் துண்டு காலகாலமாக இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேரியரில் பால் கேன் ஏற்றிப் போகும் பெரியவருக்கோ கவட்டைத் தையல் என்ற பிரச்சினையே இல்லை.

கடையில் கிடைக்கவில்லை என்றால் டெய்லரிடம் போகலாம். எங்கள் தெருவில் ஆல்ட்ரேஷன் மட்டும் செய்யும் அண்ணனிடம் காட்டன் பேண்ட் ஒன்றை நீட்டினேன்.

"எங்க கிழிஞ்சிருக்கு?"

"கிழியலண்ணே, குத்துது."

அந்த இடத்தை நெருடிப் பார்த்தார். "நாலு தையல் சேர்ற எடம் தம்பி. ஜீன்ஸுன்னா இங்கதான் ஊசியே ஒடையும்."

பிளேடை எடுத்து இரண்டு கால்களின் உள்தையலையும் நான்கு இஞ்ச் பிரித்தார். முன்னும் பின்னும் ஒன்றரை இஞ்ச். முன்பக்கம் அதற்கு மேல் போக முடியாது, ஜிப்பின் அடி வந்துவிடும். திறந்த இடத்தில் எட்டு இஞ்ச் நீளம், மூன்று இஞ்ச் அகலத்துக்குச் சாய்சதுரம் ஒன்று நின்றது. தையலுக்கு அரை இஞ்ச் சுற்றிலும் விட்டுத் துண்டு வெட்டினார். துண்டின் நீளப் பக்கம் காலோடு காலாக ஓட வேண்டும், முன்பின்னாக அல்ல; இதை முன்பே சொல்லிவிடுங்கள். இழுபடாத துணியாக இருந்தால் துண்டைக் குறுக்காக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள், கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஓரத்தைப் பிசிர் வராமல் ஓவர்லாக் அடித்தால் போதும், மடித்து இரட்டைத் தையல் போட வேண்டாம். போட்டால் பழைய கட்டி புதிய இடத்தில் முளைக்கும்.

துண்டுத் துணிக்கு எங்கே போவது என்று கவலை வேண்டாம். ரெடிமேட் பேண்ட் வாங்கி நீளம் குறைக்கும்போது காலடியில் வெட்டி எடுக்கும் பட்டியை எல்லோரும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். நான்கு இஞ்ச் அகலமுள்ள ஒரு பட்டியைப் பிரித்தால், துண்டை நேராக வெட்ட அது போதும்; குறுக்காக வெட்ட இன்னும் அகலம் வேண்டும். இனிமேல் கேட்டு வாங்கி வையுங்கள்.

பேண்ட்டைச் சரிசெய்த பிறகும் எரிந்தால், அடுத்த சந்தேகம் ஜட்டி. அதன் கால் எலாஸ்டிக் ஓடுவது சரியாகச் சீட்டின் விளிம்பில்தான். வியர்வையில் நனைந்த பருத்தி ஜட்டியின் எலாஸ்டிக் இரண்டு மணி நேரத்தில் தோலைச் சிராய்த்துவிடும். தூரப் பயணத்துக்குப் பேட் வைத்த மெல்லிய உள்ஷார்ட்ஸ்தான் சரி. அதற்குள் ஜட்டி போடக் கூடாது. புதிதாக வாங்குகிறவர்கள் பலர் வெட்கத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, பேட் வேலை செய்யவில்லை என்று குறைசொல்வார்கள். பேட் நேராகத் தோலோடு ஒட்டி இருந்தால்தான் உராய்வு பேட்டுக்கும் துணிக்கும் நடுவில் நடக்கும், தோலில் நடக்காது. தடிமனான பேட்தான் நல்லது என்றும் எண்ண வேண்டாம். கையால் அமுக்கினால் முழுதாகச் சப்பையாகிவிடும் பஞ்சு, சீட்டிலும் அப்படியே ஆகி ஓரத்தில் திரண்டு நிற்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பேட்டின் வடிவம் வேறு. வீட்டில் ஒருவருடையதை இன்னொருவர் போட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

மேல் பேண்ட்டும் உள்ஷார்ட்ஸும் சேரும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெளித்துணி வழுவழுப்பாக இருந்தால் உள்ளே இருப்பதன்மேல் சறுக்கும். கார்டுராய், கனத்த கேன்வாஸ் போன்ற சொரசொரப்பான துணிகள் உள்ஷார்ட்ஸைப் பிடித்து இழுத்து பேட்டை இடம் மாற்றிவிடும்.

மரத்துப்போகிறது

பேண்ட்டை மாற்றி இது சரியாகாது. சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா, சீட் தேவைக்கு மேல் உயரமா, உட்காரும் எலும்புகள் இரண்டும் சீட்டின் அகலமான பகுதியில் பதிகின்றனவா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று சில சுற்று மிதித்தால் ரத்தம் ஓடும். இறங்கிய பிறகும் நெடுநேரம் மரத்திருந்தாலோ, அடிக்கடி வந்தாலோ டாக்டரிடம் போங்கள், பேண்ட் கடைக்கு அல்ல.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கவட்டையை இறுக்கும் ஸ்கின்னி ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மரத்துப்போகிறது என்றால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பேசலாம்.

முட்டியில் இழுக்கிறது, தொடை கனக்கிறது

நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டியும் 4,800 முறை மடங்கி விரிகிறது. ஒவ்வொரு முறையும் துணி கொஞ்சம் தடுத்தால் அத்தனை தடவையும் தடுக்கிறது என்று அர்த்தம். மதியத்துக்குள் தொடை கனத்துவிடும். நமக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

லேபிளில் எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ் 2 சதவீதம் என்று பார்த்ததும் நிம்மதி அடைய வேண்டாம். அந்த இழுபடும் நூல் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதே கேள்வி. கடைகளில் தொங்கும் ஸ்ட்ரெச் பேண்ட்டுகளில் பெரும்பாலானவை குறுக்கே மட்டும் இழுபடும். இடுப்புக்கும் தொடைக்கும் அது உதவும். முட்டி மடங்கும்போது துணிக்கு நீளவாக்கில்தான் இடம் வேண்டும். கடையிலேயே முட்டிப் பகுதியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால், அந்த வேலையைத் தளர்வுதான் செய்ய வேண்டும். தொடையிலும் முட்டியிலும் தாராளமாக வைத்து, கீழே மட்டும் குறுக்கிய கட் வாங்குங்கள்.

அப்பா காலத்துப் பேண்ட்டில் முன்னால் இரண்டு பிளீட் இருக்கும். பழைய ஃபேஷன் என்று ஒதுக்கிவிட்டோம். உட்காரும்போது அந்த மடிப்பு விரிந்து தொடைக்கு இடம் கொடுக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். சைக்கிளுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. இப்போது தளர்ந்த கட் மறுபடி கடைகளுக்கு வந்திருப்பது நமக்கு லாபம்.

திருப்பூர் பருத்தி டிராக் பேண்ட் போதாதா? பின்னல் துணி, எல்லாத் திசையிலும் இழுபடும், விலையும் குறைவு. ஐம்பது கிலோமீட்டர் வரை நன்றாகத்தான் இருக்கும். பிறகு வியர்வையைக் குடித்துக் கனக்கும், முட்டி தொங்கிப் பை போல நிற்கும், கவட்டையில் ஈரம் தேங்கும். அதோடு, சித்தப்பா வீட்டு சோபா என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், டிராக் பேண்ட்டில் போனால் "என்னப்பா, வாக்கிங்ல இருந்து நேரா வர்றியா?" என்றுதான் கேட்பார்.

முன்னால் அமுக்குகிறது, பின்னால் இறங்குகிறது

ஹேண்டில்பாரை நோக்கிக் குனிந்ததும் பின்பக்கம் துணி போதாமல் போகிறது, முன்பக்கம் மிச்சமாகி வயிற்றில் மடிகிறது. பெல்ட்டை இறுக்கினால் பின்னால் இறங்குவது நிற்காது, வயிறு கூடுதலாக அமுங்கும், அவ்வளவுதான். கோளாறு இடுப்புச் சுற்றளவில் இல்லை. கவட்டையிலிருந்து பின் இடுப்புக்கு ஏறும் உயரம் குறைவு.

வாங்கும்போது இடுப்பு தாழ்ந்த கட்டைத் தவிருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் தெளிவாக உயர்ந்திருக்க வேண்டும். இடுப்புப் பட்டியின் பின்பாதியில் எலாஸ்டிக் இருந்தால் நல்லது. முழுவதும் எலாஸ்டிக் வேண்டாம், முன்னால் சுருக்கம் விழுந்து பைஜாமா ஆகிவிடும். முன்னால் கனமான உலோகப் பட்டனுக்குப் பதில் தட்டையான கொக்கி இருந்தால் குனியும்போது தொப்புளில் குத்தாது.

தைக்கக் கொடுப்பதாக இருந்தால், டெய்லர் நிற்கவைத்து அளவெடுப்பார். எடுக்கட்டும். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து, பின் இடுப்பிலிருந்து ஸ்டூல் வரை ஒருமுறை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். நின்ற அளவோடு ஒப்பிட்டால் அவருக்கே புரிந்துவிடும். சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்தி ஏறிக் காட்டினால் இன்னும் நல்லது. தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

ஏற்கெனவே வாங்கிய பேண்ட்டுக்கு இந்த விஷயத்தில் பெரிய வைத்தியம் இல்லை. சட்டையை நீளமாகப் போட்டு மறைக்கலாம்.

நனைந்து ஒட்டுகிறது, காயவே மாட்டேன் என்கிறது

நம் ஊரில் எட்டு மாதம் இதுதான் பேச்சு. கடலோரமாகப் போனால் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது. பேண்ட் எவ்வளவு குடிக்கிறது என்பது அப்போது தெரியும்.

சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். விஸ்கோஸ், அதாவது ரேயான், அதைவிட அதிகம், 11 முதல் 13 வரை. நைலான் 4 சுமார். பாலியெஸ்டர் 0.4 மட்டுமே. வியர்வையில் நனைந்தாலும் வரிசை ஏறக்குறைய இதுவேதான். பருத்தி நூலுக்குள்ளேயே தண்ணீரை வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டரில் தண்ணீர் நூல்களுக்கு நடுவில் மட்டும் நிற்கும், காற்றுப் பட்டால் போய்விடும்.

அப்படியென்றால் பாலியெஸ்டர்தானே என்று கேட்கலாம். சீக்கிரம் காயும், ஆனால் நாற்றம் பிடித்துக்கொள்ளும், மலிவான துணியில் ஒரு பளபளப்பும் இருக்கும். மெல்லிய நைலானில் கொஞ்சம் எலாஸ்டேன் கலந்து, மேலே மங்கலாகப் பருத்தி போலத் தெரியும்படி நெய்த துணிதான் என் தேர்வு. டிரெக்கிங் பேண்ட் என்று விற்பதில் இது கிடைக்கும். முட்டியில் கழற்றும் ஜிப்பும், ஆறு பாக்கெட்டும், தொங்கும் நாடாக்களும் இல்லாததாகப் பொறுக்கி எடுத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சில நைலான் துணிகள் நடக்கும்போது சரக் சரக்கென்று சத்தம் போடும். கடையில் பத்தடி நடந்து பாருங்கள். கனம் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராமுக்குள் இருந்தால் வெயிலுக்குப் போதும். லேபிளில் கனம் போட்டிருக்க மாட்டார்கள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையின் நிழல் லேசாகத் தெரியலாம், விரல் விரலாகத் தெரிந்தால் மெல்லிசு.

பருத்தியை விடவே மனமில்லாதவர்கள் நைலான் கலந்த பருத்திக்குப் போகலாம். சுத்த லினன் அழகு, காற்றோட்டம், ஆனால் இழுபடாது. சீட்டில் இரண்டு மணி நேரம் அரைபட்டால் கசங்கிய காகிதம்தான்.

நிறத்தைப் பலர் யோசிப்பதில்லை. வெளிர் காக்கியிலும் நடுத்தரச் சாம்பலிலும் ஈரம் பட்டால் உடனே கறுத்துத் தெரியும், அதுவும் எந்த இடத்தில் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கறுப்பும் நேவியும் ஈரத்தை மறைக்கும், காய்ந்தபின் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போடும். ஆலிவ் பச்சையும், பல நிற நூல் நெருக்கமாகக் கலந்து நெய்த துணிகளும் இரண்டுக்கும் நடுவில் நின்று காப்பாற்றும்.

மழைக்காலத்துக்கும் இதே துணிதான். பேண்ட் நனையாமல் பார்த்துக்கொள்வதைவிட, நனைந்தபின் டீக்கடையில் நிற்கும் நேரத்துக்குள் பாதி காய்ந்துவிடுகிற துணி சுலபம். முழு மழைப் பேண்ட் போட்டால் நம் வெக்கைக்கு உள்ளே வியர்வையில் நனைவீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர் காலையில் மலையிறங்கும்போது மட்டும் காற்றைத் தடுக்கும் ஒன்று பையில் இருக்கட்டும்.

அரிப்பு, தடிப்பு, பொரி

மூன்றும் ஒன்றல்ல, மருந்தும் ஒன்றல்ல.

உராய்வில் சிவந்து, தொட்டால் எரிந்து, இரண்டு நாள் ஓட்டாமல் இருந்தால் அடங்கினால் அது வெறும் சிராய்ப்பு. கிளம்பும் முன் வாசலின் தடவினால் குறையும். தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் துணி அதைச் சீக்கிரம் குடித்துவிடும், இடையில் ஒருமுறை தடவ வேண்டியிருக்கும். மயிர்க்கால்களில் சின்னச் சின்னச் சீழ்ப்பொரி வந்தால், நனைந்த ஷார்ட்ஸோடு அதிக நேரம் இருந்திருக்கிறீர்கள், அல்லது அந்த இடத்தை முந்தின நாள் ஷேவ் செய்திருக்கிறீர்கள். போன இடத்தில் முதல் வேலையாக உள்ஷார்ட்ஸைக் கழற்றிவிடுங்கள். மேல் பேண்ட் மரியாதையாக இருப்பதால் அதையே போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும் பழக்கம்தான் சாதாரண பேண்ட்காரர்களின் பலவீனம். லைக்ராக்காரர் வெட்கப்பட்டாவது மாற்றிவிடுவார்.

தொடையிடுக்கில் வட்டமாகப் படர்ந்து, ஓரம் மட்டும் தடித்துச் சிவந்து, இரவில் அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு ட்யூப் எடுத்துக் கொடுப்பார்கள், மறுநாளே அரிப்பு நின்றுவிடும். அந்தக் க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு நின்றது மாதிரி காட்டிவிட்டுப் பூஞ்சை உள்ளே பரவும், பிறகு ஒழிப்பது பெரும்பாடு. தோல் டாக்டரிடம் காட்டுங்கள். குணமாகும்வரை பேண்ட், உள்ஷார்ட்ஸ், துண்டு மூன்றையும் தனியாகத் துவைத்து நல்ல வெயிலில் உள்பக்கம் திருப்பிப் போடுங்கள்.

வலது காலில் கறுப்புக் கறை, செயினில் மாட்டுகிறது

செயின் இருப்பது வலது பக்கம், ஆகவே ஒரு காலைக் காத்தால் போதும். முழு செயின் கவர் போட்ட பழைய வண்டிகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கியர் வண்டிகளில் கவர் கிடையாது. காலடிச் சுற்றளவு 13, 14 இஞ்ச் என்றால் தளராமல் நிற்கும், பாதமும் நுழையும். அதற்கு மேல் என்றால் வெல்க்ரோ பட்டை ஒன்று போதும், ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டையாக வாங்கினால் இரவிலும் பயன். ரப்பர் பேண்ட் வேண்டாம், கணுக்காலில் தடம் பதியும். டெய்லரிடம் போகிற வேளையில் காலடியில் சின்னப் பட்டியும் இரண்டு பட்டனும் வைக்கச் சொன்னால், ஓட்டும்போது குறுக்கிவிட்டு இறங்கியதும் அவிழ்த்துவிடலாம். சல்வார் போட்டு ஓட்டும் பெண்களுக்கும் இதே பட்டன் யோசனை பொருந்தும். துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் ஆபத்து.

கறை பட்டுவிட்டால் தண்ணீர் விடாதீர்கள். காய்ந்த துணியில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, பிறகு அலசுங்கள்.

பாக்கெட்டில் இருப்பது குத்துகிறது, விழுகிறது

முன்பாக்கெட்டில் சாவியும் செல்போனும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தொடையும் இடுப்பும் மடியும் இடத்தில் இடிக்கும். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்தால் ஒரு பக்கம் உயர்ந்து உட்கார வேண்டி வரும், மாலையில் இடுப்பு சொல்லும். தொடையின் வெளிப்பக்கத்தில், தையலோடு மறைந்த ஜிப் பாக்கெட் ஒன்று இருக்கும் பேண்ட்டைத் தேடுங்கள். செல்போன் அங்கே அசையாமல் கிடக்கும்.

ஜீன்ஸ் பாக்கெட் மூலையில் இருக்கும் செப்பு ரிவெட் 1873-ல் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம். கனமான வேலை செய்கிறவர்களின் பாக்கெட் கிழியாமல் இருக்க அடித்தது. பின்பாக்கெட்டில் அது வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சீட்டின் தோலைக் கீறும்.

கடையில் நன்றாக இருந்தது, ரோட்டில் இல்லை

டிரையல் ரூமில் நின்று கண்ணாடி பார்த்தால் எல்லாப் பேண்ட்டும் நன்றாகத்தான் இருக்கும். உள்ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள், அது இல்லாமல் பார்க்கும் அளவு பொய். உள்ளே போனதும் ஒரு காலை ஸ்டூல்மேல் வைத்து, முட்டியை மார்பை நோக்கிக் கொண்டுவந்து, முன்னால் குனியுங்கள். மேல்தொடையில் துணி இறுகிக் கோடு விழுந்தால், இடுப்பில் சரியாக இருந்தாலும் அடுத்த அளவுக்குப் போய் இடுப்பை டெய்லரிடம் பிடித்துக்கொள்ளலாம். பெரிதைச் சின்னதாக்க முடியும், சின்னதைப் பெரிதாக்க உள்ளே துணி விட்டிருக்க மாட்டார்கள்.

வாங்கிய முதல் வாரமே 150 கிலோமீட்டர் கிளம்பாதீர்கள். ஒருமுறை துவைத்து, வீட்டைச் சுற்றி இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பருத்திப் பேண்ட் என்றால் முதல் துவைப்பில் சுருங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆறே மாதத்தில் சீட் இடம் தேய்ந்துவிட்டது

உள்தொடையில், சீட்டின் மூக்கு உரசும் இரண்டு இடத்தில்தான் முதலில் போகும். துணி மெலிந்து சல்லடை போலத் தெரியும், ஒருநாள் கிழியும். ஒரு பக்கம் மட்டும் வேகமாகத் தேய்ந்தால் நீங்கள் சாய்ந்து உட்காருகிறீர்கள், அல்லது சீட் கோணலாக இருக்கிறது. இரண்டு பக்கமும் சீக்கிரம் தேய்ந்தால் சீட் கவரைத் தடவிப் பாருங்கள். தையல் பிரிந்தோ வெடித்தோ விளிம்பு அரம் போல ஆகியிருக்கும். கவரை மாற்றாமல் பேண்ட்டை மாற்றுவது வீண் செலவு.

துவைப்பதிலும் ஆயுள் இருக்கிறது. எலாஸ்டேன் கலந்த துணிக்கு பிளீச்சும் கொதிக்கும் தண்ணீரும் சூடான இஸ்திரியும் ஆகாது. இழுபடும் நூல் செத்துவிட்டால் முட்டி தொங்கியது தொங்கியதுதான். வியர்வை உப்பு காய்ந்து நூலில் படிந்தால் அதுவே உரசும், ஆகவே வந்த அன்றே வெறும் தண்ணீரிலாவது அலசிவிடுங்கள்.

கிழிந்தபின் ஒட்டுப் போட்டால் வெளியே தெரியும். மெலிய ஆரம்பிக்கும்போதே டெய்லரிடம் கொடுத்து, உள்பக்கம் மெல்லிய நைலான் துண்டு வைத்து, பேண்ட் நிறத்திலேயே நூல் போட்டு நெருக்கமாக ஓட்டித் தைக்கச் சொல்லுங்கள். துண்டின் ஓரம் மடிக்காமல், மூலைகள் வட்டமாக வெட்டப்பட்டிருக்கட்டும். கூர்மையான மூலை முதலில் பிரிந்து தோலில் குத்தும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் போட்டுவிடுங்கள், இன்றைக்கு ஒன்று போனால் அடுத்த மாதம் இன்னொன்று.